தும்பை விட்டு வாலைப் பிடிக்கலாமா?

 

கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. அதற்கு ஒரு முறை நம் சங்கத்து விவசாயி ஒருவர் ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தார். ஆலைக் கழிவு கலக்கிறது என்று அவர் சந்தேகப்படும் கால்வாயில் மொண்டு வந்த தண்ணீர். மேடையில் இருந்த அதிகாரி ஒருவர் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தண்ணி தெளிவாத்தானே இருக்கு, பெரியவரே?" என்றார். நாம் விடவில்லை. விடாமல் கேட்ட பிறகு பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். சில மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. தண்ணீர் காரமா புளிப்பா என்று அதில் இருந்தது. உப்பு எவ்வளவு என்று இருந்தது. நிறம் இருந்தது, வாடை இருந்தது. குரோமியம் எங்கே, ஈயம் எங்கே, செலினியம் எங்கே என்று கேட்டோம். "அதெல்லாம் இந்த டெஸ்ட்ல வராதுங்க" என்று பதில் வந்தது.

பார்க்காத கணக்கில் திருட்டு தெரியுமா? கார்த்திகை தீபத்தன்று மலைமேல் ஏற்றும் தீபம் எத்தனையோ கல் தூரத்தில் இருக்கிற நம் ஊர் ஏரிக்கரையில் நின்றாலும் தெரியும். ஆனால் தண்ணீரில் கரைந்த நஞ்சு கையில் இருக்கிற பாட்டிலிலும் தெரியாது. நிறம் கிடையாது, வாடை கிடையாது. தேடினால்தான் கிடைக்கும். தேட வேண்டியவர்கள் தேடுகிறார்களா என்பதுதான் நமது கேள்வி.

செலினியம் என்றால் என்ன?

குரோமியத்தைப் பற்றி நமக்குத் தெரியும். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் அதை நமக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்துவிட்டன. செலினியம் அவ்வளவு பேர் கேட்ட பெயர் இல்லை. அது கந்தகத்துக்குப் பங்காளி முறை. மல்லாட்டைக்கு ஜிப்சம் போடுகிறோமே, அதில் இருக்கிற கந்தகத்துக்கும் இதற்கும் அவ்வளவு நெருக்கம். பயிரே ஏமாந்துவிடும். கந்தகம் என்று நினைத்து வேர் செலினியத்தை உறிஞ்சிவிடும். மனிதனுக்கும் மாட்டுக்கும் துளி அளவு இது தேவை. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று பெரியவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும். தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ரொம்பக் குறுகியது.

நிலக்கரியை எரிக்கும் அனல் மின் நிலையத்தின் சாம்பல் தண்ணீரில் இது வரும். தாமிரம் சுத்திகரிக்கும் ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, கண்ணாடி, சாயப்பொருள், எலெக்ட்ரானிக்ஸ் தொழில்கள் ஆகியவற்றின் கழிவிலும் வரும். சில இடங்களில் மண்ணிலேயே இயற்கையாக இருக்கும்.

பஞ்சாப் மாநிலத்தில் நவான்ஷகர், ஹோஷியார்பூர் மாவட்டங்களில் சில கிராமங்களில் அப்படித்தான். சிவாலிக் மலையிலிருந்து காட்டாறுகள் அடித்துக்கொண்டு வந்த மண்ணில் செலினியம். நிலத்தடி நீரிலும் செலினியம். அந்தத் தண்ணீரைப் பாய்ச்சப் பாய்ச்ச மேலும் சேர்ந்தது. அங்கே தீவனம் தின்ற மாடுகளுக்கு வால் மயிர் கொட்டியது, குளம்பு வெடித்தது, நடக்க முடியாமல் நொண்டின. மனிதர்களுக்கு முடி கொட்டியது, நகம் கெட்டது. லூதியானாவில் இருக்கும் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தார் பல வருஷம் ஆராய்ந்தார்கள். ஜிப்சம் போட்டால் பயிர் செலினியத்தை உறிஞ்சுவது குறைகிறது என்று கண்டார்கள். குறைகிறது, அவ்வளவுதான். மண்ணை விட்டு அது போய்விடவில்லை.

அது எங்கேயோ பஞ்சாபில் என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் கடைசியிலும் 2025 ஜனவரியிலும் மகாராஷ்டிராவின் புல்டாணா மாவட்டத்தில் பல கிராமங்களில் ஜனங்களுக்குத் திடீரென்று தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. சில நாட்களில் மொட்டை ஆனவர்களும் உண்டு. மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் அதை ஆராய்ந்தார். ரேஷன் கடையில் கொடுத்த கோதுமையில் செலினியம் மிக அதிகமாக இருந்தது, அந்தக் கோதுமை பஞ்சாப், அரியானா பக்கமிருந்து வந்தது என்று அவர் சொன்னார். ஒரு ஊர் மண்ணில் சேர்ந்த நஞ்சு மூட்டை ஏறி, ரயில் ஏறி, இன்னொரு ஊர் ஏழையின் தட்டுக்கு வந்துவிடும் என்பதுதான் இதில் நாம் கற்க வேண்டியது. நமது நெல்லும் பாலும் அப்படித்தான் ஊர் ஊராகப் போகின்றன. ஒரு நாள் "இந்தப் பக்கத்து நெல்லு வேண்டாம்" என்று வியாபாரி சொல்லிவிட்டால் நாம் எங்கே போவோம்?

பிடிப்பது சுலபமா?

"எல்லா ஆலையிலும் சுத்திகரிப்பு நிலையம் இருக்குதுங்களே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்பார்கள். இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. எதைச் சுத்திகரிக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாம் கேட்போம். அதற்குக் கொஞ்சம் விஷயம் தெரிந்துகொள்வோம்.

ஆலைத் தண்ணீரில் செலினியம் பெரும்பாலும் இரண்டு வேஷத்தில் இருக்கும். ஒன்று செலினைட். இன்னொன்று செலினேட். செலினைட் கொஞ்சம் சுலபமாக மாட்டும். ஃபெரிக் குளோரைடு என்கிற இரும்பு உப்பைக் கலந்தால் தண்ணீர் துரு மாதிரி திரியும். அந்தத் துருவில் செலினைட் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். செலினேட் அதற்கு மசியாது. சுண்ணாம்புக்கும் மசியாது. அதைப் பிடிக்க பாக்டீரியா வேண்டும். நம் வீட்டுச் சாண எரிவாயுத் தொட்டி போலக் காற்று புகாத தொட்டி கட்ட வேண்டும். சர்க்கரை ஆலையில் மிச்சப்படும் மொலாசஸ் போன்ற ஒன்றை அந்த நுண்ணுயிருக்குத் தீனியாகப் போட வேண்டும். அப்போது அவை செலினேட்டை உடைத்துத் தண்ணீரில் கரையாத சிவப்புத் தூளாக மாற்றும். அதை வடிகட்டி எடுக்க வேண்டும். தண்ணீரில் நைட்ரேட் அதிகம் இருந்தால் அவை முதலில் அதைத்தான் கவனிக்கும், செலினியம் நழுவிவிடும். மாடு வளர்ப்பது போலத் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை இது. தொட்டியைக் கட்டி ரிப்பன் வெட்டிவிட்டுப் போகிற வேலை இல்லை.

ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டலாம். ஆனால் ஆர்.ஓ. நஞ்சை அழிப்பதில்லை. நல்ல தண்ணீரை ஒரு பக்கமும், நஞ்சு கெட்டிப்பட்ட தண்ணீரை மறு பக்கமும் பிரித்துக் கொடுக்கும். அந்தக் கெட்டித் தண்ணீர் எங்கே போகிறது? துருவோடு படிந்த சேறு எங்கே போகிறது? தார்ப்பாய் போட்ட லாரியில் ராத்திரியில் ஏறி, ஏதோ ஒரு ஏரி ஓடைக்குப் போனால், சுத்திகரிப்பு நிலையம் இருந்து என்ன பிரயோஜனம்? செலினியத்தை யாராலும் இல்லாமல் ஆக்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். அது ஆலையின் கேட்டுக்கு உள்ளே பத்திரமாக இருக்க வேண்டுமா, நம் கழனியில் இருக்க வேண்டுமா என்பதுதான் விஷயம்.

பணக்கார நாடுகளே இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. அமெரிக்காவின் வட கரோலினாவில் பெலூஸ் ஏரி என்று ஒன்று. 1970களில் ஒரு அனல் மின் நிலையத்தின் சாம்பல் குட்டைத் தண்ணீர் அதில் கலந்தது. அந்த ஏரியில் இருந்த 20 வகை மீன்களில் 19 வகை சில வருஷங்களிலேயே இனப்பெருக்கம் நின்று அழிந்தன. கனடாவில் டெக் என்கிற நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி செலினியத்தால் ஆற்றைக் கெடுத்ததற்காக 2021ல் 6 கோடி டாலர் அபராதம் கட்டியது. சட்டமும் கோர்ட்டும் ஆராய்ச்சிக்கூடமும் நிறைந்த நாடுகளின் கதை இது.

நிலத்துக்கு நேரே ஒரு கோடு

இப்போது நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் 1993ல் ஒரு பொது அட்டவணை போட்டார்கள். ஆலைக் கழிவுநீரில் எந்த நஞ்சு எவ்வளவு இருக்கலாம் என்று சொல்லும் அட்டவணை. அதில் நான்கு பத்தி. ஆறு ஏரியில் விட்டால் இவ்வளவு. பொதுச் சாக்கடையில் விட்டால் இவ்வளவு. பாசனத்துக்கு நிலத்தில் விட்டால் இவ்வளவு. கடலில் விட்டால் இவ்வளவு.

செலினியத்துக்கு நேரே பாருங்கள். ஆறு ஏரிக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். சாக்கடைக்கு 0.05. கடலுக்கும் 0.05. பாசன நிலத்துக்கு? ஒரு கோடு! எண்ணே கிடையாது. குரோமியத்துக்கும் நிலத்துக்கு நேரே கோடுதான். ஈயத்துக்கும் கோடுதான். காட்மியத்துக்கும் கோடுதான். கடல் மீனுக்குக் கணக்குப் போட்டவர்கள் கழனிக்குக் கணக்குப் போடவில்லை!

எண் போட யாருக்கும் தெரியாதா? 1985லேயே ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண்மை அமைப்பு, பாசனத் தண்ணீரில் செலினியம் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் போனால் தீவனம் தின்னும் கால்நடைக்கு ஆபத்து என்று காரணமும் சொல்லியிருக்கிறது. நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தில் செலினியத்துக்கு 0.01 என்று எல்லை இருக்கிறது. குடிக்கிற தண்ணீருக்கு எண் இருக்கிறது, கடலுக்கு எண் இருக்கிறது, சோறு விளைகிற நிலத்துக்கு மட்டும் கோடு.

0.05 என்றால் சின்ன எண் மாதிரி தெரியும். நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். அது 10 லட்சம் லிட்டரில் 50 கிராம். ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். ஐந்து ஐம்பது இருநூற்றைம்பது. ஏக்கருக்குக் கால் கிலோ செலினியம்! கொஞ்சம் வடியும், கொஞ்சம் பயிரில் ஏறும், மிச்சம் மண்ணில் தங்கும். அடுத்த போகத்துக்கு இன்னும் கால் கிலோ. இதுவும் எல்லைக்குள் இருக்கிற தண்ணீரின் கணக்கு. எல்லையே இல்லாத தண்ணீருக்கு என்ன கணக்கு?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆற்றுக்கு 0.05 என்று எண் போட்டவர்கள், ஓடுகிற தண்ணீரில் கலந்து அது குறைந்துவிடும் என்ற நினைப்பில் போட்டிருப்பார்கள். பெலூஸ் ஏரியில் மீன் அழிந்தபோது ஏரித் தண்ணீரில் இருந்தது ஏறக்குறைய 0.01தான். நம் செய்யாற்றில் வருஷத்தில் பல மாதம் ஓடுவது என்ன? மணல்தான். அங்கே ஆலைத் தண்ணீர் எதில் கலந்து குறையும்? ஆறு காய்ந்த மாதத்தில் கழிவுதான் ஆறு. ஏரியில் விட்டால் வெயிலில் தண்ணீர் ஆவியாகும், நஞ்சு ஆவியாகாது. வண்டலில் தங்கும். அந்த வண்டலைத்தான் கோடையில் நாம் வண்டி கட்டிக் கழனிக்கு அடிக்கிறோம்.

பாலாற்றுப் பாடம்

தும்பை விட்டு வாலைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து மாவட்டங்களே காட்டுகின்றன. தோல் கழிவு பாலாற்றையும் கிணற்றையும் கெடுத்தது என்று வேலூர் ஜனங்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு. மாசு செய்தவனே நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. 2001ல் சூழல் இழப்பு ஆணையம் கணக்கெடுத்து, 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. சராசரி பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம் சொச்சம். தலைமுறையாய் விளைந்த நிலத்துக்கு ஒரு கன்றுக்குட்டி விலை! அதுவும் எல்லோருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30ல் அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் நஷ்டஈட்டைக் கொடுங்கள், பாலாற்றைச் சுத்தம் பண்ணுங்கள் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் 28 வருஷம். 1996ல் பிறந்த பிள்ளைக்குக் கல்யாணமே ஆகியிருக்கும்.

ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை 1990களில் மூடப்பட்டது. முதலாளி போய்விட்டார், கழிவு போகவில்லை. 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு. ஆலையை மூடி இருபத்தைந்து வருஷம் கழிந்தும் அந்தக் குவியல் அங்கேயே இருந்தது. மழை பெய்யப் பெய்யக் கரைந்து நிலத்தடியில் இறங்கியது.

மேற்கே நொய்யலைப் பாருங்கள். பாசனத்துக்கென்று 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக் கழிவின் தொட்டியாக மாறியது. அணை வேண்டும் என்று கேட்ட விவசாயியே, அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று கெஞ்சும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டும் வெளியே விடாத முறையைத் தொழில்துறையினர் ஒழுங்காக எடுத்துக்கொண்டார்கள். முடியாது முடியாது என்று சொன்ன காரியம் கேட்டைப் பூட்டியவுடன் முடிந்ததே, எப்படி?

நம் மாவட்டத்துக்கு வருவோம்

செய்யாறு பக்கம் சிப்காட் வந்திருக்கிறது. அதை விரிவாக்க மேல்மா சுற்றுவட்டாரக் கிராமங்களில் 3,174 ஏக்கர் நிலம் எடுக்கத் திட்டம் போட்டார்கள். 2023 ஜூலையில் விவசாயிகள் உட்கார்ந்து போராடினார்கள். அந்த நவம்பரில் ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. ஊர் உலகம் கேள்வி கேட்டதும் ஆறு பேர் மேல் போட்டதை அரசு திரும்பப் பெற்றது. நிலத்தைக் காப்பாற்றக் கேட்டவன் குண்டன் என்றால், நிலத்தில் நஞ்சை விடுகிறவனுக்கு என்ன பெயர்?

தெற்கே தென்பெண்ணை. பெங்களூரின் கழிவைச் சுமந்து வந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பத்திரிகையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே ஆறுதான் சாத்தனூர் அணைக்கு வருகிறது. அந்தத் தண்ணீரைத்தான் நம் கழனியும் குடிக்கிறது, திருவண்ணாமலை நகரமும் குடிக்கிறது, பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற லட்சக்கணக்கான ஜனமும் குடிக்கிறது. நுரை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பேசுகிறோம். தெரியாததை யார் பேசுவது?

இந்த ஆலையில் செலினியம் வருகிறது, அந்த ஆலையில் வருகிறது என்று நாம் யார் மேலும் பழி போடவில்லை. வருகிறதா இல்லையா என்று அளந்து சொல்வது அரசின் கடமை என்கிறோம். ஆலையே வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போகிறார்கள், வேன் ஏறிப் போய் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறார்கள். மகன் சம்பளம் வாங்குகிற ஆலை அப்பன் கிணற்றைக் கெடுக்கக் கூடாது என்று கேட்பது தொழிலுக்கு விரோதமா? பால் சொசைட்டியில் நாம் ஊற்றும் பாலை ஒவ்வொரு வேளையும் அளந்து, தரம் பார்த்து, பாயிண்ட் குறைந்தால் காசைக் குறைக்கிறார்கள். கறவை மாடு ஒன்று வைத்திருக்கிற விதவைத் தாய்க்கு இரண்டு வேளை டெஸ்ட். கோடி கோடியாய் முதல் போட்ட ஆலைக்கு எப்போது டெஸ்ட், யாரிடம் ரிசல்ட்?

நாம் கேட்பது

1. பாசன நிலத்துக்கு நேரே இருக்கும் கோட்டை எடுத்துவிட்டு எண் போடு! செலினியத்துக்கு 0.02ஐத் தாண்டாத எல்லையும், குரோமியம், ஈயம், காட்மியத்துக்கு உரிய எல்லையும் மத்திய அரசு அறிவிக்க வேண்டும். அதுவரை எந்த ஆலைக் கழிவுநீரையும் நிலத்தில் பாய்ச்ச அனுமதி கொடுக்கக் கூடாது.

2. தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஏரி, கிணறு, போர்த் தண்ணீரையும் மண்ணையும் இப்போதே அளந்து ஊராட்சியில் எழுதி வைக்க வேண்டும். இன்றைய அளவு கையில் இருந்தால்தான் நாளைக்குக் கெட்டது என்று நிரூபிக்க முடியும்.

3. ஒவ்வொரு ஆலையும் என்னென்ன நஞ்சைப் பயன்படுத்துகிறது, எதை எந்த முறையில் பிரிக்கிறது, சேறு எங்கே போகிறது என்பதை ஆலை வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

4. மாதாமாதம் எடுக்கும் ரிசல்ட்டைக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது ஊர் விவசாயி ஒருவர் கூட நிற்க வேண்டும்.

5. ஆலை தொடங்கும்போதே ஒரு தொகையை வைப்பாகக் கட்ட வேண்டும். ஆலை மூடினாலும் கழிவை அகற்றப் பணம் இருக்க வேண்டும். ராணிப்பேட்டைக் கதை இங்கே வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

அடுத்த கிராம சபையில் இந்த ஐந்தையும் தீர்மானமாகப் போடுங்கள். தீர்மான நோட்டில் எழுதினார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டு, பக்கத்து ஆலைக்கு வாரியம் கொடுத்த இசைவாணை நகலைக் கேளுங்கள். எழுத வரவில்லை என்றால் சங்கத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். மாட்டுக்குக் குளம்பு வெடித்தால், வால் மயிர் கொட்டினால், மீன் செத்து மிதந்தால் தேதி போட்டுக் குறித்து வையுங்கள், கால்நடை மருத்துவரிடம் சீட்டு வாங்கி வையுங்கள். வேறு நோயாலும் இப்படி வரும். அதனால்தான் சீட்டு வேண்டும். தண்ணீர் மாதிரியைக் குடித்துப் போட்ட பாட்டிலில் எடுக்காதீர்கள். லேப்பில் கொடுக்கும் பாட்டிலில், இரண்டு சாட்சி வைத்து எடுங்கள்.

வரும் குறைதீர்க்கும் நாளன்று ஊருக்குப் பத்துப் பேராவது கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வாருங்கள். ஆளுக்கு ஒரு பாட்டில், உங்கள் ஊர் ஏரித் தண்ணீரோடு வாருங்கள். தெளிவாக இருக்கிறது என்று சொன்னால், அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்போம். அது கைக்கு வரும்வரை அங்கேயே உட்காருவோம்.

தும்பு இன்னும் நம் கையில் இருக்கிறது. விட்டுவிட்டால் வாலைத் தேடி ஓடுவது நம் பேரப் பிள்ளைகள்தான்.

நிலத்துக்கு நேரே கோடு வேண்டாம், கணக்கு வேண்டும்!

ஆலை நஞ்சு ஆலைக்குள்ளே! நம் தண்ணீர் நம் கழனிக்கே!

ஒன்றுபடுவோம்! உரிமை கேட்போம்!